மூன்று கொதி வந்த கிருமி

அந்தத் தட்டை நான் குப்பையில் போட்டிருக்க வேண்டும். போடுவதற்காகத்தான் இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்தேன்.

கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். இருபத்திரண்டு வருடமாகத் தட்டு கழுவுகிறாள் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கழுவுவது உண்மைதான். ஆனால் கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிடுவேன். அந்தப் பழக்கத்தால்தான் தினமும் ஒரு பஸ்ஸைத் தவறவிடுகிறேன். அதே பழக்கத்தால்தான் அந்த மழைக்காலம் எனக்கு அப்படி ஒரு மழைக்காலமாக ஆனது.

தட்டில் இருந்தது பூஞ்சை. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த தட்டு அது. அழுகிப்போன கீரை நாற்று ஒன்றின் தண்டை நறுக்கி அதன் நடுவில் வைத்திருந்தேன். நான்கு நாளில் பூஞ்சை கிளம்பித் தட்டு முழுக்கப் பஞ்சு பஞ்சாகப் படர்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. பாக்டீரியா. பூஞ்சைத் தட்டில் பாக்டீரியா வராமல் இருக்க ஒரு மருந்து சேர்ப்போம். மருந்து தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாங்கித் தரச் சொல்லி இண்டென்ட் போட மறந்தவள் நான்தான். ஆக, என் மறதியால் கெட்டுப்போன தட்டு என்றுதான் அதை நினைத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்தபோது பார்த்தேன். அந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றி வட்டமாக வெறும் இடம். தட்டு முழுவதையும் வளைத்துப் போட்ட பூஞ்சை, அந்தப் புள்ளிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டிருந்தது. பாக்டீரியா அதைத் தொடக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையோ சுரந்து விட்டிருக்கிறது, அது கசிந்து போன தூரம் வரைக்கும் பூஞ்சையால் கால் வைக்க முடியவில்லை.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்ததுதான். ஆனால் என் கையில் இருந்த இந்தப் புள்ளி எந்தக் கம்பெனி பாட்டிலிலிருந்தும் வந்ததில்லை. கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கீரைத் தோட்டத்து மண்ணிலிருந்து, அழுகிய நாற்றின் தண்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லேபுக்குள்ளேயே நாலு சுற்று சுற்றினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. செமஸ்டர் லீவு, ஒரு ஈ காக்கை இல்லை. கடைசியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிடம் சொன்னேன்.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது பாத்தி. அதற்கப்பால் வரிசையாகக் கட்டடங்கள். நிலம் பல்லாவரத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவர் என்னைவிடச் சில வயது மூத்த ஒரு அக்கா. எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் கொதிப்பது அந்த அக்காவின் கீரைதான்.

அந்த அக்கா இளம்வயதில் பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். மருந்துத் தண்ணீரில் கை வைத்து வைத்து இரண்டு கையும் முழங்கை வரை வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு இந்த ஒன்பது பாத்தியைப் பிடித்தார். "யாரு கிட்டயும் கை கட்டி நிக்கத் தேவல. காலைல எந்திரிச்சா என் பாத்தி, என் தண்ணி" என்பார். அந்தக் கை ஆறுவதற்கு இரண்டு வருடம் ஆனதாம். இன்னமும் தோல் அங்கங்கே வெளுத்துத்தான் இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கீரை அழுகத் தொடங்கியது. விதை முளைக்கிறது, இரண்டிலை விடுகிறது, ஐந்தாம் நாள் தரையோடு ஒட்டிய இடத்தில் தண்டு இளைத்து, பழுப்பாகி, நாற்று அப்படியே சாய்ந்துவிடுகிறது. ஒரு பாத்தியில் தட்டளவு இடத்தில் தொடங்கும். இரண்டு நாளில் பாத்தியே காலி. முதல் விதைப்பு போனது. அக்கா கடையில் கேட்டு ஒரு பொடியை வாங்கிக் கலந்து ஊற்றினார். மறுநாளே அடைமழை. பொடி மழையோடு போய்விட்டது, இரண்டாவது விதைப்பும் போனது. மிச்சம் இருந்தது அக்காவின் கையில் புதிதாகப் பொரிந்த கொப்புளங்கள்தான்.

"இருவது நாள்ல அறுத்துப் புள்ளைங்களுக்குக் குடுக்கற கீரை. அதுல போயி இத்தக் கலந்தேன் பாரு, எனக்கு வோணும்" என்று கையைக் காட்டினார்.

அன்றைக்குத்தான் நான் சாய்ந்த நாற்று நாலைந்தை ஒரு கவரில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். என்ன பூஞ்சை என்று தெரிந்துகொள்ளத்தான். அதைத் தடுக்கிற ஆளும் அதே கவரில் வந்திருப்பது எனக்குத் தெரியாது.

வட்டத்தைப் பார்த்த அன்றே தோட்டத்துக்கு ஓடியிருப்பேன். சாயங்காலம் லேபை எட்டிப்பார்த்த எங்கள் துறைத் தலைவர் தடுத்துவிட்டார். அவசரம் என்றால் என்ன என்றே தெரியாத மனிதர். தட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது யாரு?"

"தெரியல சார். ஆனா பாருங்க சார், எப்படி நிறுத்தி வெச்சிருக்கு!"

"திருடனைப் பிடிக்கறவன் எல்லாம் போலீஸ் இல்லம்மா. இதே குடும்பத்துல வயித்தைக் கெடுக்கறதும் ஒண்ணு இருக்கு. சாப்பிடற கீரை. யாருன்னு தெரிஞ்சப்புறம் ஊத்து."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததும் நிஜம். ஒவ்வொரு சோதனையாகச் செய்து, சந்தேகத்துக்கு இன்னொரு ஆய்வகத்துக்கும் அனுப்பி, தீங்கில்லாத வகைதான் என்று பதில் வருவதற்குள் அக்காவின் மூன்றாவது விதைப்பும் சாய்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"இத பாரும்மா, நானும் மூணு தபா பாத்துட்டேன். மண்ணு போயிடுச்சு. கார் நிறுத்தறதுக்கு எடம் கேட்டு ஒருத்தன் அலையறான். இன்னொரு வாட்டி போட்டுப் பாரு. அதுவும் இப்பிடியே ஆச்சுன்னா, தை பொறந்தா அவனுக்கு வுட்டுடுவேன்."

அவர் போன பிறகு அக்கா வரப்பில் உட்கார்ந்தார். அழவில்லை. மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார், கீழே போட்டார், மறுபடி எடுத்தார். மண் போய்விட்டது என்று நிலத்துக்காரர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி என் இன்குபேட்டரில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் நான் இருந்த இருப்பை என் கணவரிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போய், மீன் தொட்டிக்குக் காற்று விடும் பழைய மோட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். தண்ணீர் கேன் ஒன்றை லேபில் சுத்தம் செய்தேன். பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டுமே! கடலை மாவும் வெல்லமும் கரைத்து, கிருமி நீக்கி, ஆறவைத்து, அதில் என் வெள்ளைப் புள்ளியை விட்டு, மோட்டாரைப் போட்டேன். கேன் குபுகுபுவென்று நுரைத்தது. மூன்று நாள் காலையில் முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்த்தேன்.

"வூட்ல ரெண்டு நாளா சாம்பார் கொதிக்கல. லேப்ல கடலை மாவு நுரைக்குது" என்றார் என் கணவர். அவர் அலுவலகத்தில் நல்ல தமிழ் பேசுகிறவர். என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் வீடு வூடாகிவிடும்.

கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கேம்ப் ரோடு தாண்டியதும் மூடி லேசாகக் கசிந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், ஊறப்போட்டு மறந்துபோன உளுந்து மாதிரி. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போனார்கள். கண்டக்டர் வந்து நின்றார்.

"மேடம், இன்னா இது?"

"கீரைக்கு மருந்துங்க."

"கீரைக்கா? அது செத்துடாதா மேடம்?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கிருந்து மேடவாக்கம் வரை எனக்குத் தாராளமாக உட்கார இடம் கிடைத்தது.

தோட்டத்தில் அக்கா விதையை மணலோடு கலந்து தயாராக வைத்திருந்தார். கீரை விதை கடுகைவிடச் சிறியது, மணல் கலக்காமல் விசிறினால் ஒரே இடத்தில் விழும். மறுநாள் விதைப்பு. கேனை இறக்கிவைத்துவிட்டு நான் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

"அக்கா, இது நம்ம மண்ணுல இருந்தே எடுத்தது. இதுக்குள்ள இருக்கறது கிருமி. ஆனா நல்ல கிருமி. விதைச்ச உடனே ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து பூவாளியில ஊத்தணும். நோய் வந்தப்புறம் ஊத்தினா பிரயோஜனம் இல்ல, முன்னாடியே ஊத்தணும்."

"கிருமியா?" என்றார் அக்கா. கேனைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு போனது. மழைக்காலம் வந்தால் போகிற அதே ஆட்டோ. குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கிருமிகளிடமிருந்து குடும்பத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் திரும்பியது. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. எனக்கு வேறு ஒரு சண்டை பாக்கி இருந்தது.

"இன்னொண்ணுக்கா. ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் இதை ஊத்தாதீங்க. வெறும் தண்ணி விடுங்க."

"இன்னாத்துக்கு?"

"அது அழுகிப் போச்சுன்னாதான், இது காப்பாத்துச்சுன்னு தெரியும்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "டீச்சரு, நீ நல்லாத்தான் கீறியா? ஒம்போது பாத்தி என் புள்ளைங்க மாரி. எட்டுக்கு மருந்து குடுத்துட்டு ஒண்ண சாவடின்னு சொல்லிகினு கீற. பெத்தவ எவளாவது இத்தச் செய்வாளா?"

நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தும் அக்கா மாறவில்லை. அன்றைக்கு நான் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். டீச்சர் சொன்னால் கேட்க வேண்டும் என்றேன். சுவரோரம், ஏற்கெனவே நிழல் விழுந்து சரியாக வராத கடைசிப் பாத்தியைக் காட்டினார். அது வேண்டாம் என்றேன். நிழல் பாத்தி அழுகினால் நிழலால் அழுகியது என்பார்கள். நடுப்பாத்தியைக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னமும் மறக்கவில்லை. கடைசியில் ஒரு குச்சியை ஒடித்து நடுப்பாத்தியில் குத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்கக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. இருட்டின பிறகுதான் வீடு திரும்புவேன், தோட்டப் பக்கம் எட்டிப்பார்க்க முடியவில்லை. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஜன்னலில் மழைச் சத்தம் கேட்கக் கேட்கப் படுக்கையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். எட்டாம் நாள் காலை, பல்கூடத் தேய்க்காமல் இறங்கி ஓடினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் கெட்டிக்காரத்தனத்துக்கும் அன்றைக்குத்தான் எட்டு நாள்.

எட்டுப் பாத்தியும் பச்சை! விளிம்புக்கு விளிம்பு, ஒரு சொட்டை இல்லாமல், நாலு இலை விட்டு நின்றன. நடுவில் குச்சி குத்திய பாத்தியில் பாதிக்கு மேல் சாய்ந்து, மிச்சம் சாய்வதற்குக் காத்திருந்தன.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. சுவருக்கு மேல் மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேற்றில் நின்று குதித்தோம், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள்.

"சொன்னேனா இல்லையாக்கா! நம்ம மண்ணு கிருமிக்கா! எப்படி வேலை செஞ்சிருக்கு பாருங்க!"

"ஆமா டீச்சரு. நீ சொன்ன மாரியேதான் செஞ்சேன். அண்டாவுல ஊத்தி, நல்லா மூணு கொதி வர்ற வரைக்கும் கொதிக்க வெச்சி, வேட்டித் துணியில வடிகட்டி, ஆற வெச்சிதான் ஊத்துனேன்."

நான் குதிப்பதை நிறுத்தினேன்.

"என்ன செஞ்சீங்க?"

"கொதிக்க வெச்சேன். கிருமின்னு நீதான சொன்ன? புள்ளைங்க துன்ற கீரை. கிருமிய அப்படியேவா ஊத்துவாங்க? ஆட்டோவுல கூடச் சொல்லிகினு போனான்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. ஒரு மாதம் ஊட்டி வளர்த்த உயிரை அண்டாவில் போட்டு அவித்திருக்கிறார். அக்காவிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அதில் உயிர்தான் மருந்து, அந்த உயிரையே கொன்றுவிட்டு மருந்து ஊற்றினேன் என்கிறீர்களே என்றேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது. பச்சைப் பாத்திகளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ இது எப்புடிப் பொழச்சுது?" என்றார் மெதுவாக.

அந்தக் கேள்வியோடு பஸ் ஏறினேன். மேடவாக்கம் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது எனக்குப் பளிச்சென்று அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. புள்ளி பூஞ்சையைத் தொடவே இல்லையே! நிறுத்தியது புள்ளி இல்லை, புள்ளி சுரந்தது. கிருமி செத்தாலும் அது சுரந்தது தண்ணீரில் இருக்கும். கொதித்தும் கெடாத பொருளாக இருந்தால்? பருப்பை எடுத்துவிட்டாலும் ரசத்தில் பருப்பின் சாரம் இருக்கிறதே! நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். பக்கத்திலிருந்த பெண் என் ஸ்டாப் வந்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டாள்.

ஆனால் ஒரு சந்தேகம். இந்த வகை பாக்டீரியா கெட்ட காலம் வந்தால் கெட்டியான ஓடு போட்டு வித்தாகச் சுருண்டு கொள்ளும். அந்த வித்து கொதிநீரிலும் சாகாது. கொதிக்கு ஒளிந்திருந்து, பாத்தியில் இறங்கி மறுபடி முளைத்திருக்கலாம். இதையும் தீர்த்துக்கொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

லேபில் இன்னொரு கேனில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்தேன். பூஞ்சைத் தட்டில் நான்கு குழி தோண்டினேன். முதல் குழியில் கொதிக்காதது. இரண்டாவதில் அக்கா செய்ததுபோலவே மூன்று கொதி கொதித்தது. மூன்றாவதில் கொதிக்கவைத்து, வித்துகூட நுழைய முடியாத நுண்ணிய சல்லடையில் வடிகட்டியது. உயிர் என்று எதுவும் இருக்க வாய்ப்பில்லாத வெறும் தண்ணீர். நான்காவதில், கிருமியே விடாத கடலை மாவு வெல்லக் கரைசல். மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று எழுதுவது சுலபம். மணிக்கொரு தடவை போய்த் திறந்து, துறைத் தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான்காவது குழியைப் பூஞ்சை மூடிவிட்டிருந்தது. மற்ற மூன்றையும் சுற்றி மூன்று வட்டம். வித்தியாசம் சொல்ல முடியாதபடி ஒரே அளவில் மூன்று வட்டம்!

நான் போட்ட சத்தத்தில் துறைத் தலைவர் டிபன் பாக்ஸோடு வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கொழுப்பும் புரதத் துண்டும் சேர்ந்த பொருள்மா. பூஞ்சையோட மேல்தோலை ஓட்டை போட்டுடும். சூட்டைத் தாங்கும். புத்தகத்துல எல்லாம் இருக்கு, நீயும் படிச்சிருப்ப."

படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆகவே நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்த அன்றைக்கு நான் குதிக்கவில்லை. ஒரு அண்டாவும் ஒரு வேட்டித் துணியும் அதைச் செய்து காட்டியபோது குதித்தேன்.

சாயங்காலம் நேராகத் தோட்டத்துக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். தட்டையும் ஒட்டி மூடி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு வட்டமாகக் காட்டினேன். அக்கா தட்டை வாங்கி, நான் செய்வதுபோலவே வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார்.

"அப்போ செத்தும் குடுக்குது" என்றார்.

"ஆமாக்கா. அடுத்த தடவை கொதிக்க வைக்காமலும் ஊத்தலாம். உயிரோட போனா இன்னும் சுரக்கும்."

"அதெல்லாம் வோணாம். நான் கொதிக்க வெச்சிதான் ஊத்துவேன். என் வூட்டுக் கீரைய நானும்தான துன்றேன்."

சில நாள் கழித்து நான் கொண்டுவந்த இரண்டாவது தவணையும் மூன்று கொதி வந்த பிறகே ஊற்றப்பட்டது. அண்டாவுக்கு விறகு தள்ளினேன்.

நடுப்பாத்தி அதற்குள் முழுக்கச் செத்திருந்தது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. போதும் அக்கா, அதிலும் விதைத்து மருந்து ஊற்றுங்கள் என்றேன். கேட்கவில்லை. களைகூடப் பிடுங்காமல், குச்சியோடு அப்படியே விட்டிருந்தார். என்மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது அறுப்பு. சனிக்கிழமை, எனக்கு லீவு. நானும் போய்ச் சிறுகீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். என் கட்டு நிற்காமல் அவிழ்ந்தது, அக்கா திட்டிக்கொண்டே திருப்பிக் கட்டினார். அப்போது ஸ்கூட்டர் சத்தம். நிலத்துக்காரர் பின்னால் இன்னொருவரை உட்காரவைத்து வந்தார். அந்த ஆளின் கையில் அளக்கிற டேப். கார் நிறுத்த இடம் கேட்டவர். கையிலிருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

நிலத்துக்காரர் வரப்போரம் வந்து கீரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"பரவால்ல, இந்த வாட்டி வந்துருக்கு. ஆனா இதுல என்ன கீது? மழை கொறஞ்சிடுச்சு, தானா வந்துருக்கு. அடுத்த மழைக்கு மறுபடியும் அழுவத்தான போவுது? இவரு கையோட அளந்துகினு போவட்டும்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொழுப்பு, புரதம், வட்டம், வித்து எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அவருக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா அரிவாளைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இங்க வா பெரியவரே" என்று அவரை நடுப்பாத்திக்கு அழைத்துப் போனார். இடது பக்கம் முழங்காலளவு கீரை, வலது பக்கம் முழங்காலளவு கீரை, நடுவில் குச்சியும் வெறும் மண்ணும்.

"மழை கொறஞ்சிதான் எல்லாம் வந்துச்சுன்னா, இது மட்டும் ஏன் செத்துச்சு? அதே வெத. அதே மண்ணு. அதே தண்ணி. அதே மழை. அந்த எட்டுக்கு டீச்சரு குடுத்தத ஊத்துனேன். இதுக்கு ஊத்தல. நீ கேப்பேன்னு தெரிஞ்சிதான் இத்தத் தொடாம வெச்சினு கீறேன். இப்ப சொல்லு, மண்ணு போயிடுச்சா?"

அந்த ஒரு பாத்திக்காக என்னோடு சண்டை போட்டவர். பிள்ளையைக் கொல்லச் சொல்கிறாயே என்று கேட்டவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு பேட்ச் மாணவர்களிடமும் மருந்து விடாத தட்டு ஒன்று தனியாக வைக்கச் சொல்கிறோம். எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் மார்க்குக்கு என்பார்கள்.

நிலத்துக்காரர் குனிந்து நடுப்பாத்தி மண்ணைத் தொட்டார். இந்தப் பக்கக் கீரையை ஒன்று பிடுங்கி வேரைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒன்று பிடுங்கிப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் இங்கேயே நெல் போட்டவராம், பிறகு தெரிந்தது. நிமிர்ந்தபோது கூட வந்தவரிடம் சொன்னார், "டேப்ப உள்ள வெய்யி. வேற எடம் பாக்கலாம்."

அக்கா அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டு கட்டுச் சிறுகீரையை எடுத்து அவர் ஸ்கூட்டரில் மாட்டினார். பிறகு நேராக நடுப்பாத்திக்குப் போய், அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"டீச்சரு, போயி அடுப்பப் பத்த வெய்யி. அண்டா அங்கதான் கீது."